நேர்கோட்டாரின் முதல் சவாரி

பிஸ்கட் ஃபேக்டரியில் ஷிஃப்ட் பஸ் ஓட்டிய இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர் நேர்கோட்டார். ஷெட்டிலிருந்து பஸ்ஸை வெளியே எடுத்தால் நெடுஞ்சாலை. அதிலேயே பதினெட்டு கிலோமீட்டர் போனால் ஃபேக்டரி கேட். நடுவில் ரயில்வே கேட் பக்கம் ஒரே ஒரு வளைவு உண்டு. அதையும் ஸ்டியரிங்கை லேசாகத் தொட்டாலே கடந்துவிடலாம். காலை ஷிஃப்டோ மதிய ஷிஃப்டோ, பாதை அதேதான். "ஸ்டியரிங்கைக் கயித்தால கட்டிட்டு நீங்க இறங்கிப் போயிடுங்க, பஸ் தானா வந்து சேர்ந்துடும்" என்று பாக்கிங் பிரிவுப் பெண்கள் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை, ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. ஆனால் அந்தப் பதினெட்டு கிலோமீட்டரைத் தாண்டி அவருக்கு வழி தெரிந்த இடம் மாமனார் வீடு ஒன்றுதான். அதற்கும் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவருக்கு ஐம்பத்தொரு வயதாகும்போது ஃபேக்டரிக்காரர்கள் பஸ்களை வெளியாளிடம் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டார்கள். நேர்கோட்டார் நான்கு மாதம் வீட்டில் இருந்தார். மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போனபிறகு வீட்டிலிருந்த குழாய்களுக்கெல்லாம் வாஷர் மாற்றினார். ஒழுகாத குழாய்களுக்கும் மாற்றி, அவற்றை ஒழுக வைத்தார். அப்போதுதான் பெருநகரத்தில் டாக்ஸி ஓட்டும் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, போன் செய்தான்.

"மாமா, எனக்கு முதுகுல டிஸ்க் நகர்ந்துடுச்சு. மூணு வாரம் அசையக் கூடாதாம். வண்டி சும்மா நிக்குது. வந்து ஓட்டுங்களேன்."

"எனக்கு உங்க ஊர்ல கிழக்கு மேற்கே தெரியாதே மாப்ள."

"கிழக்கு மேற்கு எதுக்கு? போன் சொல்லும். நீங்க திருப்புனா போதும்."

போனார். மச்சினன் வீடு ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஒன்றரை அறை. ஒரு அறை முழுக்க மச்சினன் மல்லாந்து படுத்திருந்தான். மீதி அரை அறையில் மற்ற எல்லாரும் எல்லாமும். படுத்தபடியே விட்டத்தைப் பார்த்து அவன் தொழில் சொல்லிக்கொடுத்தான். ஏர்போர்ட் வரிசையில் எப்படி நிற்பது, சீட்டு எங்கே வாங்குவது, போனை எந்தத் தாங்கியில் வைப்பது. கடைசியாக, எழுந்து உட்காரப் போய் "அம்மாடி" என்று மறுபடி சாய்ந்துகொண்டு, ஒன்றை அழுத்தமாகச் சொன்னான்.

"ஒண்ணு மட்டும் மாமா. புதுசுன்னு காட்டிக்காதீங்க. இவருக்கு வழி தெரியாதுன்னு தெரிஞ்சா பாசஞ்சர் அடுத்த சிக்னல்லயே இறங்கிடுவாங்க. தெரிஞ்ச மாதிரியே இருங்க."

வீட்டிலிருந்து ஏர்போர்ட் நான்கு கிலோமீட்டர், ஒரே ரோடு. நேர்கோட்டாருக்கு அதில் சிரமமே இல்லை. சிரமமெல்லாம் உள்ளே நுழைந்த பிறகுதான். ரோடு இரண்டாகப் பிரிந்து ஒன்று மேலே ஏறியது, ஒன்று கீழே இறங்கியது. முதல் நாள் மேலே போனார். அது ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் இறங்கும் இடம். விசில் ஊதித் துரத்தினார்கள். இரண்டாம் நாள் கீழே போய்த் தனியார் கார்கள் நிற்கும் இடத்தில் நின்றார். மூன்றாம் நாள் சரியான வரிசையைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் முன்னால் நின்றது வரிசையில்லை, பழுதாகி நின்ற வண்டி என்பது தெரிய ஒரு மணி நேரம் ஆனது. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு அவர் முறை வந்தது.

வந்தது ஒரு பெண்மணி. ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருப்பவர். கையில் ஒரு பை, தோளில் ஒரு பை, மார்போடு அணைத்த ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பள்ளிக்கூடமொன்றில் ஆய்வக உதவியாளர். பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு எழுத வந்திருக்கிறார் என்பதெல்லாம் நேர்கோட்டாருக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது தெரிந்தது, அந்த அம்மாள் காருக்குள் ஏறி உட்கார்ந்து, ஊரே தனக்குச் சொந்தம் என்பது போல் சொன்ன ஒரே வாக்கியம்தான்.

"கல்லூரி ரோடு, நியூ வெண்ணிலா லாட்ஜ். உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"வெண்ணிலாதானே மேடம்? கண்ணை மூடிட்டுப் போவேன்" என்றார் நேர்கோட்டார். சொன்ன பிறகு, டிரைவர் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை அது என்று தோன்றியது.

போனில் 'வெண்ணிலா' என்று தட்டினார். மூன்று வந்தன. முதலாவதைத் தொட்டார்.

போனுக்குள் இருந்த பெண் குரல் பேச ஆரம்பித்தது. "முந்நூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்." முந்நூறு மீட்டர் எவ்வளவு தூரம் என்று நேர்கோட்டாருக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாப் கணக்கில் சொன்னால் புரியும், லைட் கம்பக் கணக்கில் சொன்னாலும் புரியும். யோசித்து முடிப்பதற்குள் முந்நூறு மீட்டர் முடிந்திருந்தது. குரல் ஒரு நொடி மௌனமாகி, வேறு வழி சொன்னது. மேம்பாலத்துக்குக் கிட்டே வந்தபோது "சற்று வலப்புறமாகச் செல்லவும்" என்றது. ரோடு அங்கே மூன்றாகப் பிரிந்தது. எது வலப்புறம், எது சற்று வலப்புறம்? நடுவில் விட்டார். நடு ரோடு பாலத்தின் மேல் ஏறி, போகவேண்டிய இடத்தையெல்லாம் கீழே காட்டிக்கொண்டே ரொம்ப தூரம் போய், அவர்களை எங்கோ இறக்கிவிட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் ஜன்னல் வழியாக ரொம்பத் தெரிந்தவர் போல் தலையாட்டிக்கொண்டிருந்தார். சரிதான் போலிருக்கிறது என்று நேர்கோட்டார் நிம்மதியானார்.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு போன் சொன்னது: "நீங்கள் சேருமிடம் வந்துவிட்டீர்கள்."

வண்டி நின்றது ஒரு சுவருக்கு முன்னால். இடப்பக்கம் சுவர். வலப்பக்கம் பூட்டிய ஒரு கிடங்கு. லாட்ஜும் இல்லை, வெண்ணிலாவும் இல்லை.

இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

"போன தடவை நான் வந்தப்ப இந்தச் செவுரு இல்லையே" என்றார் அந்த அம்மாள்.

"இப்பத்தான் கட்டினாங்க மேடம்" என்றார் நேர்கோட்டார்.

அந்தச் சுவரில் பாசி படிந்திருந்தது. பாசியின் மேல் ஒரு செடி முளைத்திருந்தது. செடி பூத்தும் இருந்தது. இருவருமே அதைப் பார்க்காதது போல் இருந்துவிட்டார்கள்.

போனை மறுபடி தட்டப் போனார். வெயிலில் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்ததில் அது தோசைக்கல்லாய்க் கொதித்தது. ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அணைந்துபோனது. மச்சினன் சொன்னது நேர்கோட்டாரின் காதில் இருந்தது.

"போன் இல்லாட்டி என்ன மேடம், நமக்குத் தெரியாத ஊரா?" என்று வண்டியைத் திருப்பினார்.

முதல் முச்சந்தியில் அவர் வேகத்தைக் குறைத்தபோது பின்னாலிருந்து, "இந்தப் பக்கமா?" என்று குரல் வந்தது. இந்த அம்மாள் ஏற்கெனவே வந்து போனவர், அவரே சொல்கிறார் என்று நினைத்துச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பினார். அவர் அத்தனை உறுதியாகத் திருப்பியதைப் பார்த்து, டிரைவருக்கு வழி அத்துப்படி என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டார். அடுத்த முனையில், "நேரா போய்டணுமோ?" நேராகப் போனார். "அந்த மரம் இருக்கே, அதுக்கு அந்தாண்டையா?" மரத்துக்கு அந்தாண்டை திரும்பினார். இப்படிக் கேள்வியை இவர் பதிலாக எடுத்துக்கொள்ள, பதிலை அவர் நம்ப, கார் சந்து சந்தாகச் சுற்றியது.

ஒரு திருப்பத்தில் பல் ஆஸ்பத்திரி ஒன்று வந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பல்லின் பொம்மை. கொஞ்ச நேரம் கழித்து எதிர்த் திசையிலிருந்து மறுபடி ஒரு பல்.

"இந்தப் பல்லை முன்னாடியே பாத்த மாதிரி இருக்கே?"

"இவங்களுக்கு எல்லா ஏரியாலயும் கிளை இருக்கு மேடம்."

மூன்றாவது தடவையும் பல் வந்தது. படியில் கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் தடவையும் அவர்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஆளுக்கும் எல்லா ஏரியாலயும் கிளை இருக்கா?" என்றார் அந்த அம்மாள்.

நேர்கோட்டார் பதற்றத்தில் பார்க்காமல் இடது பக்கம் ஒடித்தார். அந்தத் தெரு போகப்போகக் குறுகி, இரண்டு பக்க வீட்டுப் படிகளும் காரை உரசும் அளவுக்கு நெருங்கி, ஒரு நீல கேட்டுக்கு முன்னால் முடிந்தே போனது. கேட்டுக்கு வெளியே ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு வந்து காருக்குள் குனிந்து பார்த்தார்.

"யாரைப் பாக்கணும்?"

நேர்கோட்டார் பின்னால் திரும்பி, "மேடம், சொல்லுங்க" என்றார். அதே நொடியில் அந்த அம்மாள் முன்னால் குனிந்து, "டிரைவர், நீங்க சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் திருதிருவென்று பார்த்தார்கள்.

"உங்களுக்கு வழி தெரியாதா?" என்றார் அந்த அம்மாள் மெதுவாக.

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நான் வந்தேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"போன தடவை வந்தப்ப செவுரு இல்லைன்னு சொன்னீங்களே மேடம்?"

அந்த அம்மாளின் முகம் சிவந்துவிட்டது. "இதாங்க முதல் தடவை. பிளேன்ல ஏறுனதும் இன்னிக்குத்தான். ஊருக்குப் புதுசுன்னு காட்டிக்காதீங்க, டிரைவருங்க சுத்திச் சுத்திக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு எங்க ஸ்கூல் கிளார்க் சொல்லி அனுப்பிச்சார். அதான்... நீங்க இந்த ஊர்தானே? செவுரு இப்பத்தான் கட்டினாங்கன்னீங்களே?"

"நான் வந்து நாலு நாளாச்சும்மா" என்றார் நேர்கோட்டார். மேடம் போய் அம்மா வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. "இது மச்சினன் வண்டி. நீங்கதான் முதல் சவாரி."

பைக் கழுவியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப எங்க வீட்டுக்கு யாரும் வரலையா?" என்று கேட்டார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அந்த அம்மாளிடம் பட்டன் போன் ஒன்று இருந்தது. ஃபைலைத் திறந்து, லாட்ஜ் நம்பர் எழுதியிருந்த துண்டுச்சீட்டைத் தேடி எடுத்து அடித்தார். ஸ்பீக்கரில் போட்டு நடுவில் பிடித்துக்கொண்டார்.

"மேம்பாலம் தெரியுமில்ல? அதுக்குக் கீழ வாங்க" என்றார் லாட்ஜ் மேனேஜர்.

"எந்த மேம்பாலம்?" என்றார் நேர்கோட்டார்.

"பழைய மேம்பாலம் சார். புதுசு இல்ல."

"எது பழசுன்னு எப்படிங்க தெரியும்?"

"சரி விடுங்க. இப்ப எங்க இருக்கீங்க?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான் இருவரும் முயன்றுகொண்டிருந்தார்கள்.

"முன்னாடி என்ன தெரியுது?"

"ஒரு நீல கேட்டு. ஒரு பைக்கு. ஒருத்தர்" என்றார் அந்த அம்மாள்.

"அந்த ஒருத்தர்கிட்ட குடுங்க."

பைக் கழுவியவர் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். "ஆங்... ஆங்... அட, நியூவா? நான் பழசுன்னு நெனச்சேன்..." என்று சிரித்துப் பேசிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ரொம்பக் கிட்டத்தான். வெளிய போயி நேரா போங்க" என்று கையை வலது பக்கம் நீட்டினார்.

"நேராவா, வலது பக்கமா?" என்றார் நேர்கோட்டார். இந்த ஒரு வார்த்தையிலாவது அவருக்குத் தெளிவு வேண்டியிருந்தது. நேர் என்றால் என்ன என்பது உலகத்தில் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம்.

"நேராத்தான். இப்படி வளைஞ்சு அப்படியே நேரா. ரெண்டாவது லெஃப்டு விட்டுட்டுத் திரும்பிடுங்க."

வெளியே வந்ததும் இருவருக்கும் சண்டையாகிவிட்டது. இரண்டாவது லெஃப்டில் திரும்பவேண்டும் என்றுதான் அந்த அம்மாள் காதில் விழுந்திருந்தது. அதை விட்டுவிட்டு மூன்றாவதில் திரும்பவேண்டும் என்று நேர்கோட்டார் புரிந்துகொண்டிருந்தார். "விட்டுட்டுன்னா விட்டுடறதுதானேம்மா?" "விட்டுட்டு எங்க திரும்பணும்னு அவர் சொல்லவே இல்லையே!" கடைசியில் காரை ஓரம்கட்டிவிட்டு நேர்கோட்டாரே இறங்கி நடந்தார். ஒரு தையற்கடையில் கேட்டார், ஒரு பாத்திரக் கடையில் கேட்டார், தபால்காரர் ஒருவரை நிறுத்திக் கேட்டார். மூன்று பேரும் மூன்று திசையைக் காட்டினார்கள். தபால்காரர் சொன்னதையே எடுத்துக்கொண்டார்.

மருந்துக்கடைக்கு மேலே, துணிக்கடைக்குப் பக்கத்தில், விழுந்துவிடும் போல் சாய்ந்திருந்த ஒரு பலகையில் நியூ வெண்ணிலா என்று எழுதியிருந்தது. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. வாசலில் ஒரு லாரியிலிருந்து துணி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. லாரி மறைத்ததில் எதிர்ப்பக்கம் எதுவுமே கண்ணில் படவில்லை. லாட்ஜுக்குப் படி ஒரு ஆள் மட்டும் ஏறும் அகலம். ரிசப்ஷன் இரண்டாவது மாடி. அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியதால் பைகளை நேர்கோட்டார் தூக்கிக்கொண்டு ஏறினார்.

மேனேஜர் பேரேட்டிலிருந்து நிமிர்ந்து, இருவரையும் ஒருசேரப் பார்த்தார். "புக் பண்ணுறப்ப ஒருத்தர்னுதானே சொன்னீங்க? பரவால்ல, இன்னொரு தலகாணி தர்றேன். சாரோட அடையாள அட்டையும் குடுங்க."

"ஐயையோ, நான் டிரைவருங்க" என்று நேர்கோட்டார் பைகளைத் தரையில் போட்டுவிட்டு இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொண்டார்.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏர்போர்ட்டிலிருந்து முகத்தில் ஒட்டி வைத்திருந்த தெரிந்தவர் தோரணையெல்லாம் அதோடு போனது. "அண்ணே, நாளைக்குப் பத்து மணிக்குப் பரீட்சை. பள்ளிக்கூடம் எங்க இருக்குன்னு தெரியலை. ஏழரைக்கு வந்துடுவீங்களா? தேடத்தான் நேரம் ஆகும்."

"வந்துடறேம்மா. இவ்வளவு சுத்துன பிறகு இந்த இடம் மறக்குமா?" என்று சொல்லி, மச்சினன் நம்பர் அச்சடித்த கார்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு இறங்கினார். எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்பது அவருக்கே சரியாக நினைவில்லை. ஆகாயத்தில் விமானம் இறங்கும் திக்கைப் பார்த்துப் பார்த்து ஓட்டியிருக்கிறார். ஏர்போர்ட் வந்துவிட்டால் அங்கிருந்து வீடு ஒரே ரோடுதானே. சாயங்காலம் மனைவி போன் செய்து, "ஊரெல்லாம் பழகிடுச்சா?" என்று கேட்டாள். "ஒரு பல் ஆஸ்பத்திரி நல்லாப் பழகிடுச்சு" என்றார். அவள் பதறிப்போய், எந்தப் பல்லில் வலி என்று விசாரித்தாள்.

மறுநாள் ஆறரைக்கே கிளம்பினார். போனை ஈரத்துணியில் சுற்றித் தாங்கியில் வைத்தார். அது இந்தத் தடவை மூன்று வெண்ணிலாக்களில் இரண்டாவதற்குக் கூட்டிப்போனது. அது பழைய வெண்ணிலா. அங்கே நான்கு பேர் டாக்ஸி கிடைத்துவிட்டதென்று ஓடிவந்து ஏறப் பார்த்தார்கள். அவர்களைக் கெஞ்சி அனுப்பிவிட்டு, மேம்பாலத்தில் ஏறாமல் இருக்கப் போய் வேறொரு மேம்பாலத்தில் ஏறி, தபால்காரர் யாராவது வருவாரா என்று பார்த்து, நியூ வெண்ணிலா வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டே முக்கால். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அந்த அம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் ஃபைல், பேனா இரண்டு, ஒரு தண்ணீர் பாட்டில்.

"ஏறுங்கம்மா, ஏறுங்க. தப்பு என் மேலதான். கேட்டுக் கேட்டே போயிடலாம்" என்று நேர்கோட்டார் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"ஏற வேணாம்ணே. அதான் பள்ளிக்கூடம்."

"எது?"

"எதுத்தாப்புல."

நேர்கோட்டார் திரும்பினார். லாரி நின்ற இடத்துக்கு நேர் எதிரே ஒரு பெரிய இரும்பு கேட். அதன் மேல் கட்டியிருந்த துணியில் தேர்வு மையம் என்று தடித்த எழுத்தில் எழுதியிருந்தது. ஆட்கள் ஃபைலும் கையுமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டைப் பார்த்தார், லாட்ஜைப் பார்த்தார், மறுபடி கேட்டைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் ஜன்னலைத் திறந்தப்பதான் பார்த்தேன்" என்றார் அந்த அம்மாள்.

"அப்ப எதுக்கும்மா இங்கயே நிக்கிறீங்க?"

"காலைல உங்க மச்சினருக்குப் போன் போட்டேன், வர வேணாம்னு சொல்ல. மாமா அப்பவே கிளம்பிட்டாரு, ஓட்டுறப்ப போன் எடுக்க மாட்டாரேன்னாரு. நீங்க வந்து, நான் இல்லைன்னா, எங்க போயிட்டாளோன்னு தேடிக்கிட்டு இருப்பீங்களேன்னுதான்."

நேர்கோட்டார் ஃபைலை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையை உயர்த்தி வண்டிகளை நிறுத்தியபடி, அந்த அம்மாளை ரோட்டைத் தாண்டிக் கூட்டிப்போய் கேட்டில் விட்டார். "நல்லா எழுதுங்கம்மா" என்றார். "எழுதறது இருக்கட்டும், உள்ள எந்த ரூம்னு கண்டுபிடிக்கணுமே" என்று சொல்லிக்கொண்டே அவர் கூட்டத்துக்குள் போய்விட்டார். தேர்வில் தேறினாரா, பதவி உயர்வு வந்ததா என்பது நேர்கோட்டாருக்குக் கடைசிவரை தெரியாமலே போனது.

காருக்குத் திரும்பியபோது லாட்ஜ் படியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் நான்கு பைகளோடு இறங்கினார்கள்.

"ஏர்போர்ட் வருமா?" என்றார் கணவர்.

"வரும்" என்றார் நேர்கோட்டார். டிக்கியைத் திறந்தவர் அதை மூடாமல் ஒரு நிமிஷம் நின்றார். "ஆனா எனக்கு வழி அவ்வளவா தெரியாது சார். உங்களுக்குத் தெரியுமா?"

"நாங்க வெளியூரு" என்றாள் மனைவி.

"பிளேன் எத்தனை மணிக்கு?"

"ஒரு மணிக்கு."

நேர்கோட்டார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணி நேரம் இருந்தது. பைகளை ஒவ்வொன்றாக எடுத்து டிக்கியில் வைக்க ஆரம்பித்தார்.